பத்து புள்ளி ஒன்பது

மூன்று வருடம் அந்த எண் என் கைப்பையில் கிடந்தது,
ரயில் பாஸுக்கும்
தீர்ந்துபோன தைல டப்பாவுக்கும் நடுவில்.
பத்து புள்ளி ஆறு.
மறு வருடம் பத்து புள்ளி ஏழு.
அப்புறம் பத்து புள்ளி ஒன்பது,
பக்கத்தில் சின்னதாய் ஒரு நட்சத்திரம்.
"பார்டர்தான்" என்றார் செம்பூர் டாக்டர்.
"ஐம்பத்திரண்டு ஆகிறதே, தண்ணீர் நிறையக் குடியுங்கள்."
குடித்தேன்.
ராத்திரி நாலு தடவை எழுந்து
விளக்குப் போடாமல் நடந்தேன்.

கூட்டுறவு வங்கியில் தணிக்கை என் வேலை.
ஏழு ரூபாய் உதைத்தால்
எட்டு மணி வரை பேரேட்டைப் புரட்டுகிறவள்.
என் எலும்பிலிருந்து எவனோ
தினம் கொஞ்சம் சில்லறை எடுத்துப்போனதை மட்டும்
நான் எந்தப் பக்கத்திலும் தேடவில்லை.

மறதி வந்தது. மெனோபாஸ் என்றார்கள்.
காரணமில்லாத அழுகை வந்தது.
மாமியார் போன துக்கம் என்றார்கள்;
எனக்கே அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது.
"இப்பல்லாம் உனக்கு எதுவுமே பிடிக்கிறதில்ல"
என்றார் இவர், தோசையைத் திருப்பிப் போட்டபடி.
பிடிக்கவில்லைதான்.
தோசை கூட.

காணாமல்போன சில்லறையில் கொஞ்சம்
இடது சிறுநீரகத்தில் கல்லாய்ச் சேர்ந்திருந்தது.
குர்லாவில் வண்டி மாறும்போது அது நகர்ந்தது.
பாலத்தின் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.
எட்டு நாற்பத்தேழின் ஜனம் மொத்தமும்
என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனது.
ஹேர்பின் விற்கிறவள் ஒருத்தி
என் முகத்தைப் பார்த்துக் குனிந்து
"முத்கடா?" என்றாள்.
மூன்று வருடத்தில்
என்னிடம் கேட்கப்பட்ட முதல் சரியான கேள்வி.

பரேலில் ஒரு சின்ன வயது டாக்டர்,
தூக்கம் போதாத கண்,
மூன்று தாளையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள்.
ஒவ்வொன்றாக இல்லை. வரிசையாக.
அங்கேயே எனக்கு வெட்கமாகிவிட்டது.
"தைராய்டின் முதுகில் நாலு இருக்கு, பருப்பளவு.
ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிடம் கேட்டு வாங்கும்,
கூடினால் பேசாமல் இருக்கும்.
உங்களுக்கு இவ்வளவு கால்சியம் ஓடுகிறபோது
பி.டி.எச். தூங்கியிருக்கணும்.
தூங்கவில்லை."
மறுபடி ரத்தம் எடுக்க எழுதினாள்.

லேபில் பிராஜக்தா என்கிற பெண்
"முஷ்டியை இறுக்காதீங்க, எண் பொய்யா ஏறிடும்" என்றாள்.
குழாயின்மேல் என் பெயர், டில்லி நாயகி.
திருத்தச் சொல்லவில்லை.
சிதம்பரத்திலிருந்து மும்பை வரை வந்தவளுக்கு
டில்லி இன்னும் ஒரு ராத்திரி தூரம்தான்.

அறுத்து எடுத்தது ஒன்றை மட்டும்.
வேர்க்கடலை அளவாம். நான் பார்க்கவில்லை.
மற்ற மூன்றும் வெகுநாள் சும்மா இருந்து
வேலையை மறந்திருந்தன.
மறுநாள் ராத்திரி உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது.
விரல் நுனியில் ஊர்ந்தது.
நர்ஸ் வந்து கன்னத்தில் தட்டினாள்;
வாயோரம் தானாகத் துடித்தது.
எலும்பு தன் மூன்று வருடக் கடனை
ஒரே ராத்திரியில் வட்டியோடு கேட்கிறது
என்று புரிந்தபோது,
மன்னிக்கவும், எனக்குச் சிரிப்பு வந்தது.
சாக்குத்துண்டு மாதிரி மாத்திரை,
ஆறு மணிக்கொருதரம்.
வெற்றிலைக்கு அப்பா தடவும் சுண்ணாம்பு
இவ்வளவு வறட்சியாக இருந்ததில்லை.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
தேதி, கால்சியம், ஆல்புமின், பி.டி.எச்., டி விட்டமின்.
கடைசி வரி ஒன்பது புள்ளி நாலு.
நட்சத்திரம் இல்லை.
அதற்காகப் பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை.

தோசை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.
இவருக்குத்தான் சுட அலுத்துவிட்டது.

நேற்று காசாளர் காவ்டே
தன் ரிப்போர்ட்டை என் மேசைமேல் போட்டார்.
"பத்தரை மேடம், பார்டர்தான்" என்று சிரித்தார்.
கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.
"போன வருடத்துத் தாள் எங்கே?"